எவ்வகை மதிப்பு: பரம்பிய பொருள்களின் வரலாற்றில் ஒரு பகுதி

தமிழ் இலக்கணம் பயின்றோர் பால்பகா அஃறிணைப் பெயரை நன்கறிவர். ‘யானை’ என்ற சொல்லை மாத்திரம் கேட்டவன் அஃது ஒன்றோ பலவோ என்று துணிதல் இயலாது. ‘யானை வந்தது’ என்றவழி ஒருமையும், ‘யானை வந்தன’ என்றவழிப் பன்மையும் பெறப்படும். ஈண்டுப் பெயர் தன் பாலைத் தான் உணர்த்தவில்லை. பின்வரும் வினையே அதனை உணர்த்துகின்றது. ‘அவன்’, ‘அவள்’ முதலிய சொற்களோ தம் பாலைத் தம் ஈற்றிலேயே தாங்கி நிற்பன. வினை வருமுன்னரே கேட்போன் பாலைத் துணிந்துகொள்வான்.

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் மதிப்புகளும் இவ்விரு திறத்தன. 65, 66, 67, 68 என்னும் எண்களைத் தாங்கிய நான்கு பைற்றுகள் வலையமைப்பின் வழியே வந்து சேர்ந்தன என்று கொள்வோம். அவற்றை எழுத்துகளாக வாசிப்பவனுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு பேரெழுத்துகள் தோன்றும். உயர்நிலைப் பைற்று முதலில் வருவதாகக் கொண்டு முழுவெண்ணாக வாசிப்பவனுக்கு 1,094,861,636 என்ற தொகை கிடைக்கும். தாழ்நிலைப் பைற்று முதலில் வருவதாகக் கொண்டால் அதுவே 1,145,258,561 ஆகும். மிதவைப் புள்ளியெண்ணாக வாசிப்பவனுக்கோ ஏறத்தாழ 12.14 கிடைக்கும். பைற்றுகள் மாறவில்லை; வாசிப்பு மாறியது. எனவே, மதிப்பின் வகையைக் கூறுவோர் யார், எப்போது கூறுவது என்ற வினா எழுகின்றது.

நம் உயர்தர வகுப்பு மாணவர் பைதன் மொழியிற் செய்நிரல் எழுதப் பழகும்போது, மாறிக்கு வகை கூறாமலே மதிப்பை இடக் கண்டு, “இம்மொழியில் வகை என்பதே இல்லை” என்று முடிவு செய்துவிடுகின்றனர். ஆசிரியருட் சிலரும் அவ்வாறே கற்பிக்கின்றனர். அது தவறான முடிவு. வகை நீங்கவில்லை, மாறியை விட்டு மதிப்பினிடத்துக் குடிபெயர்ந்தது. ஒரு கணினியினுள்ளே இத்தவறு பெருந்தீங்கு விளைப்பதில்லை. ஒருவரையொருவர் அறியாத இரு கணினிகளுக்கிடையே இது பெருந்தீங்காகும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டவல்லது ‘கோர்பா’ எனப்படும் பரம்பிய பொருள் முறைமையின் வரலாறும், அதனுள் ‘எனி’ என வழங்கிய தரவு வகையின் வரலாறும் ஆகும். ‘எனி’ என்பதனை ஈண்டு ‘எவ்வகை’ என்று தமிழிற் குறிப்போம்.

இரு மரபுகள்

தொலைவிலுள்ள கணினியின் செயலொன்றைத் தன் கணினியின் செயலைப் போலவே அழைக்கும் முறையை முழுமையாக ஆக்கிக் காட்டியவர்கள் செறொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அன்றூ பிறலும் புறூஸ் நெல்சனும் ஆவர். அவர்தம் கட்டுரை 1984இல் வெளிவந்தது. அம்முறையில் அழைப்போன் பக்கத்திலும் அழைக்கப்படுவோன் பக்கத்திலும் ‘பதிலி’ எனத்தக்க சிறு செய்நிரல்கள் உள. அழைப்போனின் பதிலி மதிப்புகளை ஒழுங்காக அடுக்கிப் பொதியாக்கி அனுப்பும். மறுபக்கத்துப் பதிலி அப்பொதியை அவிழ்க்கும். இரு பதிலிகளும் ஒரே இடைமுக விவரத்திலிருந்து ஆக்கப்பட்டவை ஆதலின், பொதிக்குள் எவ்வரிசையில் எவ்வகை உள்ளது என்பது இரண்டுக்கும் முன்னரே தெரியும்.

சண் நிறுவனம் வகுத்து, 1987இல் ஆர்.எவ்.சி. 1014 என வெளியான எக்ஸ்.டி.ஆர். என்னும் தரவு வடிவம் இம்மரபைச் சார்ந்தது. அதில் ஒவ்வோர் உருப்படியும் நான்கு பைற்றுகளின் மடங்காக அமையும். உயர்நிலைப் பைற்றே முன்வரும். எழுத்துச்சரத்தின் நீளம் குறிக்கப்படும். ஆயின் அது சரம் என்பது எங்கும் குறிக்கப்படாது. பால்பகாப் பெயர் வினையை நோக்கி நிற்றல் போல, இப்பைற்றுகள் முன் செய்த உடன்படிக்கையை நோக்கி நிற்பன. இதனை மௌன மரபு எனலாம்.

மற்றது பெயர் கூறும் மரபு. சி.சி.ஐ.ரி.ரி. என்னும் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1984இல் வகுத்த நியமங்களில் தோன்றி, பின் ஏ.எஸ்.என்.1 எனப் பெயர்பெற்ற குறியீட்டு முறை இதற்குச் சான்று. அதன் அடிப்படைக் குறியாக்க விதிகளின்படி ஒவ்வொரு மதிப்பும் மூன்று கூறுகளாகச் செல்லும்: முதலில் அடையாளம், அடுத்து நீளம், இறுதியில் உள்ளடக்கம். பெறுவோன் முன்பின் அறியாத பொதியாயினும், ‘இது முழுவெண், இது சரம்’ என்ற அளவிலேனும் பிரித்துணரலாம்.

ஏ.எஸ்.என்.1 முறையிலும் ‘எனி’ என்றொரு வகை இருந்தது. இன்னது வரும் என்று வரையறுக்க இயலாத இடத்தில் எதனையும் இட்டு அனுப்ப அஃது இடமளித்தது. ஆயின், உள்ளே வந்தது எதற்குரியது என்பதனைப் பெறுவோன் அறியத்தக்க உறுதியான வழி அதனோடு அமையவில்லை. ஆதலின் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வகை நீக்கப்பட்டு, மதிப்பையும் அதனை இனங்காட்டும் அடையாளத்தையும் பிணைத்துக் கூறும் வேறு முறை புகுத்தப்பட்டது. ‘எதுவும் வரலாம்’ என்று கூறுதல் எளிது. ‘வந்தது இன்னது’ என்று கூறும் பொறுப்பை ஒருவர் ஏற்காதவிடத்து அச்சுதந்திரம் பயன்படாது. இப்பாடம் பின்னரும் பன்முறை வரக் காண்போம்.

கோர்பாவின் தோற்றம்

1989இல் அமெரிக்காவிற் பதினொரு நிறுவனங்கள் கூடிப் ‘பொருள் முகாமைக் குழு’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தன. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில், வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட பொருள்கள் ஒன்றையொன்று அழைத்துப் பணிகொள்ள ஒரு பொது நியமம் வகுத்தல் அதன் நோக்கம். அந்நியமமே கோர்பா. அதன் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது.

நியமத்துக்கு முன்மொழிவு செய்தோர் இரு கட்சியினராயிருந்தனர். சண், ஹியூலற்-பக்காட் நிறுவனங்கள் முன்னரே ஆக்கிய பதிலிகளின் வழி அழைக்கும் நிலையான முறையை விரும்பின. டிஜிற்றல், ஹைப்பர்டெஸ்க் நிறுவனங்கள் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதனைக் கட்டியெழுப்பும் இயங்கு முறையை விரும்பின. முடிவில் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. இரண்டும் ஒரே நியமத்துள் அமர்ந்தன. கோர்பாவின் பெயரிலுள்ள ‘பொது’ என்ற சொல் இவ்விணக்கத்தின் நினைவு என்பர்.

இவ்விணக்கமே ‘எவ்வகை’ தோன்றுதற்குக் காரணமாயிற்று. நிலையான முறையில், இடைமுக வரைவிலக்கண மொழியில் எழுதிய விவரத்தைத் தொகுப்பான் பதிலிகளாக மாற்றித் தரும். அங்கு மௌன மரபே போதும். இயங்கு முறையிலோ, அழைப்பவன் முன்னறியாத செயலுக்கு முன்னறியாத மதிப்புகளைத் தரவேண்டியிருக்கும். அவை யாவற்றையும் இடுதற்கு ஒரு பொதுக்கலம் வேண்டும். அக்கலமே எவ்வகை.

பிறவிடங்களிலும் இதன் தேவை உணரப்பட்டது. கோர்பாவின் நிகழ்ச்சிச் சேவையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒருவர் அறிவிக்கும் நிகழ்ச்சியைப் பலர் பெறும்படி ஒரு வாய்க்கால் அமைக்கப்படும். வெப்பமானி அனுப்பும் நிகழ்ச்சியும் பங்குச் சந்தை அனுப்பும் நிகழ்ச்சியும் ஒரே வகையான வாய்க்காலின் வழியே செல்லவேண்டும். வாய்க்காலை வெட்டியவன் அதில் எந்நீர் ஓடும் என்று முன்னரே அறியான். ஆதலின் அவ்வாய்க்காலின் இடைமுகம் எவ்வகை மதிப்பொன்றையே ஏற்கும்படி எழுதப்பட்டது.

எவ்வகையின் உள்ளமைப்பு

எவ்வகை மதிப்பு ஒன்று இரு பகுதியுடையது. முற்பகுதி ‘வகைக்குறி’, பிற்பகுதி மதிப்பு. வகைக்குறியாவது பின்வரும் மதிப்பின் வகையை முழுமையாக வருணிக்கும் விவரம். அடிப்படை வகைகளுக்கு அது வெறும் எண்ணே. 3 என்பது நான்கு பைற்று முழுவெண், 7 என்பது இரட்டைத் துல்லிய எண், 18 என்பது சரம், 15 என்பது பல உறுப்புகள் கொண்ட கட்டமைப்பு. கட்டமைப்பாயின் எண்ணுக்குப் பின் அதன் அடையாளக்குறி, பெயர், உறுப்புகளின் தொகை, ஒவ்வோர் உறுப்பின் பெயர், அதன் வகைக்குறி என யாவும் தொடரும். தன்னுள்ளே தன்னையே உறுப்பாகக் கொள்ளும் வகைகளும் உள. அவற்றை முடிவின்றி வருணியாமல், ‘முன் கூறிய இடத்தைப் பார்க்க’ எனப் பின்னோக்கிச் சுட்டும் எண்ணொன்றால் முடித்துவிடுவர்.

முதற் பதிப்புகள் இவற்றைச் செய்நிரலாளன் காணும் இடைமுகமாக மாத்திரமே வகுத்தன. வலையமைப்பின் மேல் அவை எவ்வடிவிற் செல்லவேண்டும் என்று வகுக்கவில்லை. ஆதலின் ஒரு நிறுவனத்தின் கோர்பா மற்றொரு நிறுவனத்தின் கோர்பாவோடு பேச இயலாதிருந்தது. 1996இல் வெளியான 2.0ஆம் பதிப்பே ஜி.ஐ.ஓ.பி. என்னும் பொது நெறியை நிலைநாட்டியது. அந்நெறியில் ஒவ்வொரு செய்தியும் பன்னிரண்டு பைற்றுத் தலைப்போடு தொடங்கும். அத்தலைப்பில் அனுப்புவோன் எப்பைற்று வரிசையைக் கையாண்டான் என்ற குறியும் உண்டு. அனுப்புவோன் தன் வழக்கப்படியே அனுப்புவான். பெறுவோன் குறியை நோக்கி, வேண்டுமாயின் மாற்றிக்கொள்வான். எக்ஸ்.டி.ஆர். அனைவரையும் ஒரே வரிசைக்குக் கட்டுப்படுத்தியது. இதுவோ, ‘உன் வழக்கத்தைச் சொல்லிவிட்டு உன் வழக்கப்படி செய்’ என்றது. எவ்வகையின் தத்துவமும் இதுவே.

செய்நிரலாளன் பட்ட இடர்கள்

நியமத்திற் செம்மையாகத் தோன்றிய இது, செய்நிரலாளன் கைக்கு வந்தபோது பல இடர்களைத் தந்தது. சி++ மொழியில் ஒரு மதிப்பை எவ்வகைக்குள் இடுதற்கும் அதிலிருந்து எடுத்தற்கும் தனிக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. இடும்போது தொகுப்பான் மதிப்பின் சி++ வகையை நோக்கித் தக்க வகைக்குறியைத் தானே இணைக்கும். ஆயின் மெய்/பொய் மதிப்பு, எழுத்து, வெறும் பைற்று ஆகிய மூன்றும் கோர்பாவில் வேறுவேறு வகைகளாயினும், சி++ மொழியில் ஒரே எட்டுப்பிட்டு வகையாக அமைதல் கூடும். அப்போது தொகுப்பான் வேறுபாடறியாது மயங்கும். அம்மயக்கத்தைப் போக்க, ‘இஃது எழுத்து’, ‘இது மெய்/பொய்’ என்று செய்நிரலாளனே வெளிப்படக் கூறும் சிறப்பு உறைகள் புகுத்தப்பட்டன. பால்பகாப் பெயருக்கு ‘ஒரு’, ‘பல’ என்ற அடைகொடுத்து மயக்கம் தீர்த்தல் போன்றது இது.

எடுக்கும்போது வேறோர் இடர். எடுப்பவன் தான் எதிர்பார்க்கும் வகையைக் கூறி எடுக்கவேண்டும். உள்ளிருப்பது அவ்வகையாயின் மதிப்பு கிடைக்கும். அன்றாயின் ‘பொய்’ என்ற விடை மாத்திரமே கிடைக்கும். அவ்விடையை நோக்காமல் மேற்செல்லும் செய்நிரல், எடுக்கப்படாத மதிப்பை எடுத்ததாகக் கொண்டு பிழைபடும். மேலும், கட்டமைப்பு போன்றவற்றை எடுக்கும்போது கிடைப்பது உள்ளிருக்கும் நினைவகத்தைச் சுட்டும் முகவரியே. அதன் உரிமை எவ்வகையினிடமே இருக்கும். எடுத்தவன் அதனைத் தனதென்று கருதி அழிப்பின் கேடு விளையும்.

இவற்றினும் ஆழமான குறையொன்று இருந்தது. எடுத்தற்கு வகையை முன்னரே அறிந்திருத்தல் வேண்டுமாயின், வகையறியாமற் பெறும் வசதி எங்கே? வாய்க்காலில் வரும் நிகழ்ச்சிகளைத் திரையிற் காட்டும் பொதுக் கருவி ஒன்றை எழுதுவோன், உலகில் எவரும் வகுக்கக்கூடிய கட்டமைப்புகள் அனைத்தையும் தன் செய்நிரலோடு சேர்த்துத் தொகுத்தல் இயலாது. அவன் வகைக்குறியை வாசித்து, ‘இரண்டு உறுப்புகள் உள, ஒன்று சரம், மற்றது எண்’ என்று அறியலாம், ஆனால் அவ்வறிவைக் கொண்டு மதிப்பினுட் புகுந்து அவ்விரண்டையும் எடுத்தற்கு நியமம் வழிகூறவில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய பட்டியலை வாசிக்கலாம், பெட்டியைத் திறத்தல் இயலாது என்ற நிலை அது.

1998இல் வெளியான 2.2ஆம் பதிப்பு இக்குறையை ‘டைன்எனி’ என்னும் இடைமுகத்தால் நீக்கியது. இஃது எவ்வகை மதிப்பொன்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் காட்டும் பொருள். அதனுள் ‘நடப்பிடம்’ ஒன்று உண்டு. முதலுறுப்பில் தொடங்கி அடுத்ததற்குச் செல்லலாம். விரும்பிய எண்ணுள்ள உறுப்புக்குத் தாவலாம். மீண்டும் தொடக்கத்துக்கு வரலாம். நின்றவிடத்து மதிப்பை வாசிக்கலாம். புதிய மதிப்பை இடலாம். வகை பொருந்தாவிடின் பிழை எழுப்பப்படும். கட்டமைப்பு, ஒன்றியம், அணி முதலியவற்றுக்கு அவ்வவற்றுக்குரிய சிறப்பிடைமுகங்களும் தரப்பட்டன. வெறும் வகைக்குறி ஒன்றிலிருந்தே வெற்று மதிப்பொன்றை ஆக்கி, உறுப்புகளை நிரப்பி, எவ்வகையாக மாற்றி அனுப்பவும் முடிந்தது. பணி முடிந்ததும் அதனை அழித்தல் செய்நிரலாளன் கடன்.

1999இல் வந்த 2.3ஆம் பதிப்பு இவ்விடைமுகத்தைத் தனிக் கூறாகப் பிரித்து, அதனை ஆக்கித்தரும் பொறுப்பைத் தொழிற்சாலைப் பொருளொன்றிடம் ஒப்படைத்தது. அதே பதிப்பில் இரு வகைக்குறிகளை ஒப்பிடும் முறையும் திருத்தம் பெற்றது. ஒரே வகைக்கு மாற்றுப்பெயர் இட்டு வழங்கின், அவை முற்றும் ஒன்றல்ல. ஆயினும் பயனால் ஒன்றே. ஆதலின் ‘ஒன்றாதல்’ என்பதும் ‘ஒப்பாதல்’ என்பதும் வேறு வேறு வினாக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒருபொருட் பன்மொழியை ஆராய்ந்த இலக்கண ஆசிரியர் இதனைக் கண்டு வியப்படையார். அதே ஆண்டு மிச்சி ஹெனிங், ஸ்ரீவ் வினொஸ்கி ஆகியோர் சி++ மொழியில் கோர்பாவைக் கையாளுதல் பற்றி எழுதி வெளியிட்ட, ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் எவ்வகை, வகைக்குறி, டைன்எனி ஆகியவற்றுக்குத் தனித்தனி அதிகாரங்கள் அமைந்தன.

சுமையின் கணக்கு

தன் விவரத்தைத் தானே சுமந்து செல்லும் மதிப்பு எவ்வளவு பாரமுடையது? சிறு கணக்கொன்று காட்டுவோம். ஐந்தெழுத்துப் பெயரும், ஓரெழுத்துப் பெயர் கொண்ட இரு முழுவெண் உறுப்புகளும் உடைய கட்டமைப்பு ஒன்றை எண்ணுக. தளத்தில் ஒரு புள்ளியின் இரு ஆள்கூறுகள் எனக் கொள்ளலாம். மதிப்பின் அளவு எட்டு பைற்று. ஜி.ஐ.ஓ.பி. விதிகளின்படி அதன் வகைக்குறியை எழுதினால், வகையெண்ணுக்கும் நீளத்துக்கும் எட்டு, பைற்று வரிசைக் குறிக்கும் அடையாளக்குறிக்கும் பெயருக்கும் உறுப்புகளுக்கும் அவற்றிடையே நிரப்பும் வெற்றிடங்களுக்குமாக அறுபத்து நான்கு, ஆக எழுபத்திரண்டு பைற்று வரும். எட்டைக் கூறுதற்கு எழுபத்திரண்டு. பொருளினும் முகவுரை ஒன்பது மடங்கு. இச்சுமையைக் கருதியே 2.3ஆம் பதிப்பு, இன்றியமையாதன அல்லாத பெயர்களை நீக்கிச் சுருங்கிய வகைக்குறி பெறவும் வழிசெய்தது.

இச்சுமை ஏட்டுக் கணக்கு மாத்திரமன்று. பிரான்சின் கிறெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்குறோத்திரன் கதிர்வீச்சு நிலையத்தில் 1999 அளவில் தொடங்கிய ‘ராங்கோ’ என்னும் கட்டுப்பாட்டு முறைமை கோர்பாவின் மேல் எழுப்பப்பட்டது. காந்தங்கள், வெற்றிடப் பம்பிகள், இயக்கிகள் எனக் கருவிகள் பல; அவற்றின் கட்டளைகள் வேறு வேறு. ஆதலின் கட்டளையின் பெயரைச் சரமாகவும், அதற்குரிய மதிப்பை எவ்வகையாகவும் பெற்று, விடையையும் எவ்வகையாகவே தரும் ஒரே செயல் வகுக்கப்பட்டது. புதிய கருவி வந்தால் இடைமுகத்தை மாற்ற வேண்டுவதில்லை. இஃது எவ்வகையின் பெரும்பயன். பின்னர், கருவிகளின் பண்புகளை இடையறாது வாசிக்குமிடத்து வேகம் வேண்டப்பட்டபோது, அப்பண்புகளுக்கு எவ்வகையை விடுத்து, வரக்கூடிய வகைகளை முன்னரே எண்ணி வரையறுத்த ஒன்றியத்தை அம்முறைமையின் ஆக்கியோர் கைக்கொண்டனர். கட்டளைகளுக்கு எவ்வகை நின்றது. அரிதாகவும் பலவாகவும் வருவனவற்றுக்குத் தன்விவரம் சுமக்கும் மதிப்பு. அடிக்கடியும் வரையறுத்தும் வருவனவற்றுக்கு முன்னுடன்படிக்கை: இந்நடுவுநிலை அனுபவத்தாற் பெறப்பட்டது.

வீழ்ச்சியும் மறுபிறப்பும்

கோர்பாவின் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. 1998இல் எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்பதும், 2000இல் சோப் 1.1 என்பதும் வெளிவந்து, இணையத்தின் வழியே எழுத்துருவிற் செய்தி அனுப்பும் எளிமையைக் காட்டின. மிச்சி ஹெனிங் 2006இல் எழுதிய கட்டுரையொன்றிற் கோர்பாவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்து, குழுமுறையில் நியமம் வகுத்தலின் கேடுகளையும், சி++ இடைமுகத்தின் சிக்கலையும், பதிப்பு மாற்றத்துக்கு இடமின்மையையும் எடுத்துக்காட்டினார். அந்நூலை எழுதியவரே இதனையும் எழுதினார் என்பது கருதத்தக்கது. ஜாவா மொழியின் 1.2ஆம் பதிப்போடு 1998இற் சேர்ந்து வந்த கோர்பா, 2018 செப்டெம்பரில் வெளியான 11ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

எனினும் எவ்வகையை வேண்டிய தேவை நீங்கவில்லை. கோர்பாவைக் கைவிட்டோர் அத்தேவையை வேறு பெயரால் மீண்டும் நிறைவேற்ற வேண்டியவராயினர். ‘நோம்’ என்னும் மேசைத்தளச் சூழல் 1997இற் கோர்பாவை நம்பித் தொடங்கி, பின்னர் டி-பஸ் என்னும் முறையைத் தழுவியது. டி-பஸ் முறையிலும் வகைக்குறியும் மதிப்பும் இணைந்து செல்லும் வகையொன்று உண்டு. ஆயின் அதன் வகைக்குறி ஓரெழுத்துக் குறிகளால் ஆயது. மேற்கூறிய புள்ளிக்கு அதன் வகைக்குறி, நீளமும் முடிவுக்குறியும் சேர்த்து ஆறு பைற்றே. எழுபத்திரண்டு ஆறாயிற்று, உறுப்புகளின் பெயர்கள் அதில் இல்லை என்பதே அச்சிக்கனத்தின் விலை. கூகிள் நிறுவனம் 2008இல் வெளியிட்ட புறொற்றோக்கோல் பஃபர்ஸ் முறையிலும் பின்னர் ‘எனி’ என்ற அதே பெயருடன் ஒரு வகை சேர்ந்தது. அது விவரத்தைச் சுமவாது. வகையின் பெயரை மாத்திரம் சுமக்கும். அப்பெயருக்குரிய விவரத்தைப் பெறுவோன் வேறிடத்தே வைத்திருத்தல் வேண்டும்; இல்லையேல் அவனுக்குக் கிடைப்பது பொருளறியாப் பைற்றுகளே.

இக்காலத்துப் பெருவழக்காகிய ஜேசன் வடிவம் எண், சரம், மெய்/பொய் என்ற பொது அளவில் வகையைக் காட்டுவது. ஆயின் முழுவெண்ணுக்கும் மிதவைப் புள்ளியெண்ணுக்கும் வேறுபாடு கூறுவதில்லை. 9007199254740993 என்னும் எண்ணை ஒரு சேவையகம் ஜேசனாக அனுப்ப, அதனை வழக்கமான முறையில் வாசிக்கும் ஜாவாஸ்கிரிப்ற் செய்நிரல் அதனை 9007199254740992 எனக் கொள்ளும். எவ்வெச்சரிக்கையும் எழாது. அவ்வெண் ஒருவருடைய கணக்கிலக்கமாயின், பிழை வேறொருவர் கணக்கிற் சென்று முடியலாம். வகையைப் பேசாது விட்டதன் விலை இது.

முடிவு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவது யாது? வகையறிவு ஒருபோதும் நீங்குவதில்லை. அஃது இருக்குமிடமே மாறும். எக்ஸ்.டி.ஆர். அதனைப் பயணத்துக்கு முன் வைத்தது. கோர்பாவின் எவ்வகை அதனைப் பொதியினுள் வைத்தது. புறொற்றோக்கோல் பஃபர்ஸ் பெயரைப் பொதியிலும் விவரத்தைப் பெறுவோன் இல்லத்திலும் வைத்தது. ஜேசன் பாதியைப் பொதியில் வைத்து, மறுபாதியை வாசிப்போன் ஊகத்துக்கு விட்டது. முன்னுடன்படிக்கை இறுக்கம் தரும், எடை குறைக்கும். தன்விவரம் சுதந்திரம் தரும், எடை கூட்டும். இரண்டையும் விட்டுவிட்டு வாழலாம் என்று எண்ணியோர் அவ்விலையைப் பிழையாகச் செலுத்தினர்.

கோர்பா வழக்கொழிந்தது, ஆதலின் அதன் வரலாறு மாணவர்க்கு வேண்டுவதில்லை என்பார் உளர். வழக்கொழிந்த சொற்களையும் நாம் ஆராய்கின்றோம். அவற்றைப் பேசுதற்கன்று, பேசும் மொழி இவ்வாறமைந்த காரணத்தை அறிதற்கே. வகை கூறாத மாறியொன்றில் மதிப்பை இடும் மாணவன், ‘இதன் வகையை இப்போது அறிந்தவர் யார்? இஃது இவ்விடம் விட்டு அகன்றபின் அறியப்போகின்றவர் யார்?’ என்று ஒருமுறை தன்னைத் தான் வினவுவானாக. அவ்வினாவை எழுப்பும் பழக்கத்தை வகுப்பறையில் உண்டாக்குதல் ஆசிரியர் கடன். ‘யானை’ என்று மாத்திரம் சொல்லி நிறுத்துவோன், வினையைச் சொல்லும் பொறுப்பைக் கேட்போன் தலையிற் சுமத்துகின்றான் என்பதனை அவன் அறிந்திருத்தல் நன்று.